ஓரத்தை வெட்டிவிட்டார்கள்

என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று நான் முதன்முதலில் சொன்னது கல்யாணமான புதிதில். காரணம் ஒரு கார்ட்டூன் படம். மீசை வைத்த, லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கிற ஒரு ஆம்பிளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையிலிருக்கும் டீ ஆறுவதுகூடத் தெரியாமல், வாயைப் பிளந்துகொண்டு கார்ட்டூன் பார்த்தால் வேறென்ன சொல்வது?

படத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. தன் ஆளைத் தொலைத்துவிட்ட ஒரு நிழல் தங்க இடம் தேடி அலைகிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஒற்றை அறையில் சித்தியோடு இருக்கும் சின்னப் பெண் ஒருத்தி அதற்கு இடம் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. ராட்சசன் இல்லை, ராஜகுமாரன் இல்லை, சண்டைகூட இல்லை. வெந்நீர் கொதிக்கும், பாத்திரத்து மூடி ஆடும், அந்த ஆவியின் நிழல் சுவரில் ஏறிப் போவதை இரண்டும் உட்கார்ந்து பார்க்கும். எறும்பு சர்க்கரைத் துணுக்கை இழுத்துப் போகும். அதையும் பார்க்கும். துணி காயும். அதையும்!

"இதெல்லாம் நம்ம வீட்லயே நடக்குது. இதைப் பாக்க எதுக்குக் கரண்ட்டைச் செலவு பண்றீங்க?" என்று கேட்டேன்.

"அதான் விஷயமே. நம்ம வீட்லயே நடக்குது. நீ பாத்தியா?" என்றார்.

நான் எங்கே பார்த்தேன்? எனக்கு ஹோட்டல் லாண்டரியில் வேலை. விரிப்பும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக மேசையில் வந்து விழும். எதில் காபி, எதில் லிப்ஸ்டிக், எதில் ரத்தம் என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துப் போட வேண்டும். நாள் முழுக்க அடுத்தவன் கறையை உற்றுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எதையுமே உற்றுப் பார்க்கத் தோன்றாது. கண்ணை மூடிக்கொண்டு சமைத்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

அவர் விடமாட்டார். "ஏம்மா, ஓடி வா, சீக்கிரம் வா" என்று அலறுவார். தீப்பிடித்துவிட்டதோ என்று நான் கரண்டியும் கையுமாக ஓடினால், ஜன்னலில் காயவைத்த சல்லடை வழியாக வெயில் விழுந்து தரையெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் கிடக்கும். அதன் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையில் பொட்டுகளை வாங்கிக்கொண்டிருப்பார்.

"இதுக்கா கூப்ட்டீங்க? அங்க பால் பொங்கி வழியுது!"

"பொங்கட்டும். பால் தினம் பொங்கும். இந்த வெயில் இன்னும் கொஞ்ச நேரத்துல நகந்துடும்."

எனக்கு எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவரைத் திட்டும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒருமுறை என் நாத்தனார் வந்திருந்தபோது, "பிள்ளை இல்லாத வீட்ல கார்ட்டூன் ஓடுது. கேக்கறவங்க என்ன அண்ணி நெனப்பாங்க?" என்றாள். "எங்க வீட்ல கார்ட்டூன்தான் ஓடுது. உங்க வீட்ல எலி ஓடுதே, அதைப் போய் முதல்ல பாரு" என்றேன். அப்புறம் மாசக்கணக்கில் அவள் வரவில்லை. அவர் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்.

வேலையிலும் அவருக்கு இதே நினைப்புதான். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு, மெதுவாக இறக்கிக்கொண்டே கயிற்றையும் தண்டவாளத்தையும் சோதிப்பது அவர் வேலை. ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் கதவிடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் வந்து முழங்காலைத் தடவிவிட்டு மேலே போகுமாம். "அந்த நிழல் மாடி மாடியா எறங்கி வருமே, அதே மாதிரி" என்று சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். கிணறு மாதிரி இருட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்று சம்பாதிக்கிற மனுஷன், அந்த ஒரு கோடு வெளிச்சத்துக்காகவே வேலைக்குப் போகிறவர் போலப் பேசுவார்.

இப்படி இருந்தவர்தான் ஒருநாள் டிவி முன்னால் கோபமாகக் கத்தினார். "பூனையை வெட்டிட்டான் பாரு!"

ஏதோ சேனலில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெண் கதவைத் திறக்கும் இடத்தில், திரையின் ஓரத்தில் ஒரு பூனை படியேறிப் போகுமாம். கதைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் அவருக்கு அந்தப் பூனை முக்கியம். "விளம்பரம் போடறதுக்காக ஓரத்தை வெட்டிடறானுங்க, திருட்டுப் பசங்க" என்றார். நானும் சேர்ந்து திட்டினேன். சேனல்காரனைத் திட்ட எனக்குக் கசக்குமா?

அப்புறம் அவரே வைத்திருந்த பென் டிரைவில் போட்டுப் பார்த்தார். அதிலும் பூனை இல்லை. வலது பக்கம் தொங்கும் துணிக்கொடியும் இல்லை. "பென் டிரைவ்ல எப்படிங்க வெட்டுவான்?" என்று கேட்டதற்குக் கொஞ்சநேரம் யோசித்து, "டிவிதான் வெட்டுது" என்று தீர்ப்புச் சொன்னார். மெஷினில் கோளாறு என்றால் மெஷினைத்தான் பார்க்க வேண்டும். அவர் படித்த படிப்பு அது.

டிவி மெக்கானிக் வந்தான். ரிமோட்டை வாங்கி நாலு பட்டனைத் தட்டினான். "ஜூம்ல வச்சிருக்கீங்க அண்ணே. சுத்தியும் கொஞ்சம் கட் ஆகுது" என்றான். உண்மையிலேயே ஜூமில்தான் இருந்தது! படம் கொஞ்சம் சுருங்கி, ஓரங்கள் உள்ளே வந்தன. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "நான் அப்பவே சொல்லல?" என்று என்னைப் பார்த்தார். அந்த மெக்கானிக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். பாவி, அவன் மட்டும் அன்றைக்கு "டிவி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அவன் மேல் தப்பில்லை. இருந்தாலும் யாரையாவது திட்ட வேண்டியிருக்கிறதே.

கொஞ்ச நாள் போனது. திரும்பவும், "வெட்டறான்" என்றார். டிவியைத் தள்ளி வைத்தார், கிட்டே வைத்தார், கடைசியில் பெரிய டிவி ஒன்றே வாங்கிவிட்டார். அதில் இன்னும் மோசம். இதற்கு நடுவில் வீட்டில் டம்ளர் உருளும், நிலைப்படியில் தோள் இடிக்கும், விட்ட இடத்திலேயே கிடக்கும் செருப்பைத் தேடுவார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று நானும் வழக்கம்போலக் கத்துவேன். எல்லார் வீட்டிலும் கத்துவதுதானே.

அன்றைக்கு லாண்டரியில் லீவு. துணி மடித்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டதோடு சரி.

"இப்ப பாரு, கதவு திறப்பா. இங்கதான் பூனை போகணும். பாத்தியா, இல்ல."

நான் நிமிர்ந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பூனை வாலைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாகப் படியேறிக்கொண்டிருந்தது.

"இருக்கே" என்றேன்.

"எங்க?"

"அதோ, இடது பக்கம். படியில."

அவர் தலையைத் திருப்பினார். கண்ணை அல்ல, தலையை. திருப்பித் தேடிப் பிடித்தார். "இப்பத்தான் வந்துச்சு" என்றார்.

"ஆரம்பத்துலேருந்தே இருக்குங்க."

"இல்லம்மா. இப்பத்தான் வந்துச்சு." குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

நான் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க, என் கையை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டினேன். அவர் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். அப்பவும் இல்லை. மூக்குக்கு நேரே வரும்வரை அந்தக் கை அவருக்கு இல்லவே இல்லை. "ஏன், கையை எதுக்கு நீட்டற?" என்று அப்புறம்தான் கேட்டார். மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே இங்கும் அங்கும் சின்னச் சின்ன வெளிச்சம் தோன்றும், தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். பட்டனைக் கையில் பிடித்தபடி அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். நடுவில் அபூர்வமாக ஒருமுறை அமுக்கினார். கடைசியில் தலையை வெளியே எடுத்து, சோதனை செய்கிற பெண்ணிடம் மரியாதையாகச் சொன்னார். "லைட்டே வரலையேம்மா. மெஷின்ல ஏதோ கனெக்‌ஷன் விட்டிருக்கு. வேணும்னா நான் பாக்கட்டுமா?"

அந்தப் பெண் பேனாவைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள்.

கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். வலிக்காதாம், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகுமாம், அதனால் பலபேருக்குத் தெரிவதே இல்லையாம். "போனது போனதுதான், திரும்ப வராது. நடுவுல ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று நிறுத்தினார். அந்த ஒரு வருஷமும் நாங்கள் டிவியை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

விஷயம் தெரிந்து நாத்தனார் ஓடி வந்தாள். அழுதுகொண்டே, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு இப்பப் போய்..." என்று ஆரம்பித்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிலையாக நின்றுவிட்டாள். அவர்தான் முதலில் சிரித்தார். "பழமொழி கரெக்டாதான் பொருந்துது, விடு" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கம்பெனியில் அவரை லிஃப்ட் பக்கமே விடவில்லை. ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து நட்டு போல்ட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் மிச்சம் இருப்பது மெதுவாகப் போகும். ஆபரேஷன் செய்தால் அப்படியே நின்றாலும் நிற்கும். ஆனால் இவ்வளவு கொஞ்சம் மிச்சமிருக்கிறவர்களில் சிலபேருக்கு, அதுவும் சேர்ந்து ஒரேயடியாகப் போய்விடுவதும் உண்டு. "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அவர் யோசிக்கவே இல்லை. "கயிறு தேயுதுன்னு தெரிஞ்ச பிறகு, அறுந்து விழற வரைக்கும் லிஃப்டை ஓட்டுவோமா? மாத்திடுவோம்" என்றார். லிஃப்டுக்குப் புதுக் கயிறு கடையில் கிடைக்கும். இதை நான் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம், லாண்டரிக்குப் போகும் வழியில் சுவரில் போஸ்டரைப் பார்த்தேன். சின்னத் தியேட்டர் ஒன்றில் குழந்தைகளுக்காக ஞாயிறு காலைக் காட்சியாக அதே படம். வண்டியை நிறுத்திவிட்டு நடுரோட்டில் நின்று போஸ்டரைப் பார்த்தேன் என்றால், எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது என்றுதானே அர்த்தம். நடு வரிசையில் நல்ல இடமாகப் பார்த்து டிக்கெட் எடுத்தேன்.

விளக்கை அணைத்தார்கள். சுற்றிலும் ஒரே குழந்தைகள் சத்தம். படம் ஆரம்பித்தது. "என்னங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணோட காது மட்டும் தெரியுது" என்றார்.

திரை அவ்வளவு பெரியது. அவருடைய குழாய் அவ்வளவு சின்னது. எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. "எந்திரிங்க" என்று கையைப் பிடித்துப் பின் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து பாதி முகம் தெரிந்தது. இன்னும் பின்னால் போனோம். கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரில் முதுகு ஒட்டும்வரை போனோம்.

"ம்" என்றார். "ம்ம். இப்ப முழுசா இருக்கு. தீப்பெட்டி அளவு. ஆனா முழுசா இருக்கு."

டார்ச்சோடு ஒருவன் வந்தான். "அக்கா, இங்க நிக்கக் கூடாது. சீட்ல போய் உக்காருங்க."

"உக்கார்றதுக்குத்தான் காசு வாங்கினீங்க. நிக்கறது இலவசம். நீ போய் உன் வேலையைப் பாரு" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, போய்விட்டான்.

படம் முடிகிறவரை சுவரில் சாய்ந்து நின்றோம். அவர் ஒவ்வொரு வசனத்தையும் முன்கூட்டியே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அன்றைக்குத்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். மூடி ஆடுவதைப் பார்த்தேன். அந்த நிழல் ஆவியைத் தொடப் பார்த்துத் தொடப் பார்த்து ஏமாறுவதைப் பார்த்தேன். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் இந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டியது இதைத்தானா? அழுதாயா என்று கேட்காதீர்கள். அழுதேன்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இது போதும். இனிமே கண்ணு போனாக்கூடப் பரவாயில்ல. படம் முழுசா உள்ள இருக்கு. அதை எவனும் வெட்ட முடியாது" என்றார். நானும் நம்பினேன். நம்புவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

ஆபரேஷன் ஆனது. மறுநாள் நர்ஸ் வந்து கட்டைப் பிரித்தாள், பஞ்சால் துடைத்தாள், விலகி நின்றாள். அவர் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, "கட்டை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்.

அப்புறம் கம்பெனி வேலையும் போனது. அவர் பாட்டுக்குக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவைச் சொருகினேன். "நான் பாத்துச் சொல்றேன். நீங்க கேளுங்க" என்றேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பொண்ணு வர்றா. குடை வச்சிருக்கா" என்பேன். "என்னம்மா, ரேஷன் கடைக்கா வர்றா? எப்படி வர்றான்னு சொல்லு. கிளிப்பச்சைக் குடை, ஒரு கம்பி உடைஞ்சு தொங்கும், பாரு" என்பார். பார்த்தால் தொங்கும். "பூனை போயிடுச்சா?" என்பார். போயிருக்கும். நான் பார்க்காமல் விட்டதையெல்லாம் கண் தெரியாத மனுஷன் சொல்லுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் முகத்தில் பழைய களை வரும். வாராவாரம் போட்டேன். ஆறு நாளும் விரிப்புகளைப் பிரித்துக்கொண்டே, இந்த வாரம் இதை எப்படிச் சொல்லலாம் என்று வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். நானா இப்படி? நானேதான்.

ஆனால் அவர் திருத்துவது குறைந்துகொண்டே வந்தது. நான் சொல்லத் தேறிவிட்டேன் என்று நினைத்து எனக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். ஒரு வாரம் அவசரத்தில் "சிவப்புக் குடை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். திருத்துவார் என்று காத்திருந்தேன். "ம்" என்றார். அடுத்த வாரம் சித்தியின் கண்ணாடியை விட்டுவிட்டுச் சொன்னேன். அதற்கும் "ம்".

அதற்கடுத்த வாரம், வேண்டுமென்றே, திரையில் அந்தப் பெண் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது, "இப்ப கடற்கரைங்க. அந்த நிழல் மணல்ல ஓடுது. அலை வந்து காலைத் தொடுது" என்றேன். சொல்லும்போதே, கத்துங்கள், என்னைத் திட்டுங்கள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஆமா. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது" என்றார்.

டிவியை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"இந்தப் படத்துல கடலே கிடையாதுங்க."

அவர் மெதுவாக, "இருக்கும்னு நெனச்சேன்" என்றார். "எனக்கு ரொம்ப நாளாவே எதுவும் வர்றதில்லம்மா. நீ சொல்றது காதுல விழுது. வார்த்தையாவே விழுது. படமா ஆக மாட்டேங்குது."

"அப்புறம் எதுக்குத் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தீங்க?"

"நீ அவ்வளவு ஆசையாச் சொல்றியே."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "சரி, படம்தானே, போகட்டும். சனியன் விட்டதுன்னு இருங்க" என்றேன்.

"படம் மட்டும்னா பரவாயில்ல" என்றார். "நேத்து உன் மூஞ்சிய நெனச்சுப் பாத்தேன். குரல்தான் வந்துச்சு."

"நல்லதாப் போச்சு. நான் கிழவி ஆறது உங்களுக்குத் தெரியாது" என்றேன். வழக்கமாக இதற்குச் சிரிப்பார். சிரிக்கவில்லை. நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, அவர் இரண்டு கையையும் எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். "தேடுங்க. எல்லாம் இங்கதான் இருக்கு."

அவர் தேடினார். நெற்றியில் ஆரம்பித்து, புருவத்தை நீவி, கண்ணை, மூக்கை, கன்னத்தை, ஈரத்தை, தாடையை என்று, லிஃப்டில் எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று தடவிப் பார்க்கிற அதே நிதானத்தோடு தேடினார். இரண்டு முறை தேடினார். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மூக்கு கெடைக்குது. கன்னம் கெடைக்குது" என்றார். "நீ கெடைக்கல."

நான் அவர் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.